மூச்சு விட நேரம்: அன்றாட மன அழுத்தத்தைத் தணிக்கும் எளிய பயிற்சிகள்

இரத்த அழுத்தம் பார்க்க வருகிறவரை, கருவியின் பட்டையைக் கையில் சுற்றுவதற்கு முன் 5 நிமிடம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும் என்பது செவிலியர்களுக்குக் கற்பிக்கப்படும் விதி. கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் பணியாற்றிய காலத்தில், கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அந்த 5 நிமிடத்தை விட்டுக்கொடுத்ததில்லை. முந்திரி ஆலையிலிருந்து (நம் ஊரில் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம்) மதிய இடைவேளையில் ஓடி வந்த பெண் ஒருவர், “சிஸ்டரே, எனக்கு மூச்சு விடக்கூட நேரமில்லை, சீக்கிரம் பாத்து விடுங்க” என்றார். அவருடைய தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்தன. பற்கள் கடித்தபடி இருந்தன. இரண்டு கைவிரல்களும், முந்திரிக்கொட்டையைப் பிடித்திருப்பதைப் போலவே மடங்கியிருந்தன. அவரைச் சுவரில் சாய்ந்து உட்காரச் சொல்லி, மூச்சை மெதுவாக வெளியே விடக் கற்றுக்கொடுத்து, பிறகு அளந்தேன். எழுந்து போகும்போது அவர் கேட்டது இரத்த அழுத்தத்தின் அளவை அன்று. “அந்த மூச்சை இன்னொருக்க சொல்லித் தாங்க” என்றுதான் கேட்டார். அன்று அவருக்குச் சொன்னதையும், அதன்பின் பல ஆண்டுகள் பலருக்குச் சொல்லிக்கொடுத்துத் திருத்திக்கொண்டதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான அறிவுரையை ஒதுக்கிவைக்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவரிடம் “மனதை அமைதியாக வைத்துக்கொள்” என்று சொல்வதால் பயனில்லை, ஏனென்றால் அமைதி நம் கட்டளைக்குப் படிவதில்லை. ஆபத்து நேரத்தில் உடல் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ ஆயத்தமாகிறது என்பதை வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் 1915ஆம் ஆண்டு வாக்கில் விளக்கினார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு மேலேறி நெஞ்சுக்குள் குறுகுகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் தள்ளிப்போடப்படுகிறது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன இடத்தில் பாம்பைக் கண்டு பின்வாங்குவதற்கு இந்த ஏற்பாடு வேண்டும். அங்கே ஆபத்து ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வட்டி கட்ட வேண்டிய தேதியோ, வளைகுடாவில் வேலை செய்யும் மகனிடமிருந்து வராத அழைப்போ, பிள்ளையின் தேர்வு முடிவோ அப்படி முடிவதில்லை. ஆனாலும் உடல் அதே ஆயத்தத்தை எடுத்துக்கொண்டு, நாள் முழுவதும் அதை இறக்கிவைக்காமல் சுமக்கிறது.

இதயத்தையோ வயிற்றையோ “நிதானமாக இரு” என்று நாம் ஏவ முடியாது. அந்த ஆயத்த நிலையில் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படுபவை இரண்டுதான்: மூச்சும், கை கால் முகத் தசைகளும். அவற்றைத் தளர்த்தினால் மற்றவையும் பின்தொடர்ந்து தணிகின்றன. இக்கட்டுரையில் உள்ள பயிற்சிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாகவே உள்ளே போகின்றன.

மூச்சிலிருந்து தொடங்குவோம். தமிழில் நாம் ‘மூச்சு விடுதல்’ என்றே சொல்கிறோம். உள்ளே இழுப்பதையும் வெளியே விடுவதையும் சேர்த்துக் குறிக்கவும் ‘விடு’ என்ற சொல்லே போதுமானதாக இருக்கிறது. தளர்வு வருவதும் அந்த விடுதலில்தான். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைகிறது, வெளியே விடும்போது, மூளையிலிருந்து இறங்கி இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடித் துடிப்பு சற்று மெதுவாகிறது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பார்த்தால், இளவயதினர் பலரால் இந்த வேறுபாட்டை விரல் நுனியிலேயே உணர முடியும். ஆகவே, பதற்றத்தில் இருப்பவரிடம் “நல்லா மூச்சை இழு” என்று சொல்வது பாதி அறிவுரைதான். நீட்ட வேண்டியது வெளிமூச்சை.

செய்முறை இது. முதுகுக்குச் சாய்மானம் உள்ள இடத்தில், இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும்படி உட்காருங்கள்; சேலையோ வேட்டியோ கால்சட்டையோ இடுப்பில் இறுக்கமாக இருந்தால் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கையை நெஞ்சின் மேலும் மற்றொரு கையைத் தொப்புளுக்குச் சற்று மேலேயும் வையுங்கள். வாயை மூடி, மூக்கின் வழியாக, மனதுக்குள் ஒன்று முதல் நான்கு வரை ஒரு நொடிக்கு ஓர் எண்ணாக எண்ணிக்கொண்டு மூச்சை உள்ளே எடுங்கள். அப்போது வயிற்றின் மேலுள்ள கை முன்னே வர வேண்டும், நெஞ்சின் மேலுள்ள கை ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். வயிறு முன்னே வருவது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் கீழே இறங்குவதன் அடையாளம். பிறகு, கொதிக்கும் சுக்குக் காப்பியை அது தளும்பாதபடி ஊதி ஆற்றுவதைப் போல, உதடுகளைச் சற்றே குவித்து, ஆறு வரை எண்ணி மெதுவாக வெளியே விடுங்கள். நான்கும் ஆறும் சேர்ந்து 10 நொடிகள். ஆக நிமிடத்துக்கு 6 மூச்சு. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார் என்பதை நினைத்தால், இது எவ்வளவு மெதுவானது என்பது விளங்கும். தொடக்கத்தில் ஆறு வரை எண்ண முடியாவிட்டால், மூன்று எண்ணி இழுத்து நான்கு எண்ணி விடுங்கள், அதுவே போதும். ஒரு முறைக்கு 5 நிமிடம், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும்.

இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மெதுவாகச் செய்ய வேண்டியதைப் பெரிதாகச் செய்கிறார்கள். நெஞ்சு நிறைய, தோள்கள் உயர, பலமாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனிகளும் உதடும் மரத்துப்போகும். இப்படி நேர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள், சிறிது நேரத்தில் சரியாகிவிடும். அடுத்த முறை மூச்சின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மூச்சை நடுவில் அடக்கிவைக்கும் பயிற்சிகளை மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. மூச்சைக் கவனிக்கத் தொடங்கினாலே பயம் கூடுகிறது என்று சொல்லும் சிலரையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தங்களைக் குறைத்து நினைக்க வேண்டியதில்லை. மூச்சை விட்டுவிட்டு, பின்னால் வரும் தசைப் பயிற்சிக்குப் போகலாம்.

உட்கார்ந்து எண்ணவும் நேரமில்லாத சமயத்துக்கு இன்னொரு மூச்சு இருக்கிறது. அழுது ஓய்ந்த குழந்தையைக் கவனித்திருப்பீர்கள்: இரண்டு முறை அடுத்தடுத்து விம்மி மூச்சை இழுத்து, பிறகு நீளமாக விட்டு, அதன்பின் அடங்கிவிடும். அதையே நாம் அறிந்து செய்யலாம். மூக்கின் வழியாக ஒரு முறை இழுத்து, விடாமல் அதன்மேல் இன்னும் சிறிது இழுத்து, பிறகு வாய் வழியாக மிக நீளமாக விட வேண்டும். 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்தப் பெருமூச்சை நாளொன்றுக்கு 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் பழகியவர்களின் மனநிலை, அதே அளவு நேரம் தியானம் செய்தவர்களுடையதைவிட அதிகமாக மேம்பட்டிருந்தது. “ஓயாமல் பெருமூச்சு விடாதே” என்று வீட்டில் பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. அந்தக் கண்டிப்பை நாம் கைவிட்டுவிடலாம் என்பது என் கருத்து; பெருமூச்சு உடல் தானாகக் கண்டுகொண்ட மருந்து.

ஜெபமாலை சொல்லும் வீடுகளும், நாமம் சொல்லும் வீடுகளும், திக்ரு சொல்லும் வீடுகளும் அடுத்தடுத்து இருக்கும் மாவட்டம் இது. ஆகையால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2001ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஓர் ஆய்வில், இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும், ஒரு மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உச்சரித்தபோதும், சொல்பவரின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்குத் தானாகவே இறங்கியது கண்டறியப்பட்டது. ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லும் முறையில், ஒரு பாதியைச் சொல்லும்போது மூச்சு வெளியே போகிறது, மறுபாதியைக் கேட்கும்போது உள்ளே வருகிறது. எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும், நீங்கள் ஏற்கெனவே சொல்லும் வேண்டுதலை அவசரமாக முடிக்காமல், ஒரு வரியை ஒரே வெளிமூச்சில் சொல்லி, அடுத்த வரிக்கு முன் மூச்சு முழுதாக உள்ளே வரும்வரை பொறுத்தால், அன்றைய மூச்சுப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும். வேண்டுதலில் பழக்கமில்லாதவர்களுக்கு எண்ணிக்கையே அந்த வேலையைச் செய்யும்.

இரண்டாவது வாசல் தசை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் உருவாக்கிய இந்தப் பயிற்சி, ஓர் எளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டது: நெடுநாள் இறுகிக் கிடக்கும் தசையின் இறுக்கத்தை நாம் உணர்வதே இல்லை, அதை வேண்டுமென்றே இன்னும் இறுக்கி, பிறகு விட்டால்தான் இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். முந்திரிக்கொட்டை உடைப்பவர்களுக்கும், தோவாளையில் விடியலுக்கு முன்பிருந்தே பூத் தொடுப்பவர்களுக்கும், கணினி முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், பேருந்து ஓட்டுநர்களுக்கும் மூச்சைவிட இது விரைவில் பிடிபடுகிறது என்பதை அனுபவத்தில் கண்டேன், ஏனென்றால் அவர்களுடைய அழுத்தம் விரலிலும் பிடரியிலும் தங்கியிருக்கிறது.

இரவில் பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலின் கீழ் ஒரு தலையணை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வலது கையை முட்டியாக மடக்கி, முழுப் பலத்தில் அல்லாமல் முக்கால் பலத்தில், 5 நொடிகள் இறுக்குங்கள். எங்கெங்கே இழுக்கிறது என்று கவனியுங்கள். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அல்லாமல், கையிலிருந்த பொருள் நழுவி விழுவதைப் போல ஒரேயடியாக விட்டுவிடுங்கள். அடுத்த 20 முதல் 30 நொடிகள் ஒன்றும் செய்ய வேண்டாம். கை கனப்பதையும் சற்றே சூடாவதையும் மட்டும் கவனித்திருங்கள். பயிற்சியின் உயிர் இந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது, அவசரக்காரர்கள் இதையே விட்டுவிடுகிறார்கள். அதன்பின் முழங்கையை மடக்கி மேற்கையை, பிறகு இடது கையை, பிறகு முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புருவங்களை உயர்த்தி நெற்றியைச் சுருக்கி விடுங்கள், கண்களை இறுக மூடி விடுங்கள், பல்லைக் கடித்து விடுங்கள். விட்டபின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடாமல், நாக்கு கீழே கிடக்க வேண்டும். தோள்களைக் காதுவரை தூக்கி விடுங்கள். வயிற்றை உள்ளிழுத்து விடுங்கள். தொடைகளை ஒன்றோடொன்று அழுத்தி விடுங்கள். கெண்டைக்காலுக்கு வரும்போது மட்டும் கவனம் தேவை: கால்விரல்களைக் கீழ்நோக்கி நீட்டினால் குரக்குவலி பிடித்துக்கொள்ளும், ஆகவே விரல்களை முகத்தை நோக்கி மடக்கியே இறுக்க வேண்டும். எந்த இடத்தை இறுக்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், அது இரத்த அழுத்தத்தை ஏற்றும். அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்த இடத்தையும், எலும்பு முறிந்த இடத்தையும், வலிக்கிற மூட்டையும் இறுக்காமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

முழுதும் செய்ய ஏறக்குறைய 15 நிமிடங்கள் ஆகும். பாதியில் உறங்கிவிட்டால் நல்லது. இரண்டு வாரம் விடாமல் செய்தபின் உடல் அந்தத் தளர்வை நினைவில் வைத்துக்கொள்ளும். அப்போது கைவிரல், தோள், தாடை ஆகிய மூன்றை மட்டும் இறுக்கி விட்டால் போதும். மார்த்தாண்டத்தில் பேருந்து ஏறி இருக்கை கிடைத்தவர், தக்கலை வருவதற்குள் யாருக்கும் தெரியாமல் இதைச் செய்து முடிக்கலாம். வண்டி ஓட்டுபவர்கள் ஓட்டும்போது செய்யக் கூடாது, நிறுத்திய பிறகு செய்யலாம்.

வர்ம வைத்தியத்துக்குப் பேர்போன மாவட்டம் என்பதால், “எந்த இடத்தை அழுத்தினால் டென்ஷன் குறையும்?” என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பயின்ற ஆசானின் கைப்பக்குவம் வேறு, கைப்பேசியில் பார்த்துக் கழுத்திலும் பொட்டிலும் விரலை வைத்து அழுத்துவது வேறு. பின்னதைச் செய்ய வேண்டாம். இளஞ்சூடான நல்லெண்ணெயைப் பாதத்திலும் பிடரியிலும் மெதுவாகத் தேய்த்துக்கொள்வதில் எந்தத் தீங்கும் இல்லை.

கடற்கரையில் வாழ்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு பல நாட்கள் கழித்துத்தான் திரும்பும் என்று தெரிந்திருந்தும், காற்று சற்றுப் பலத்தால் கரையில் இருப்பவர்களின் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. 2004ஆம் ஆண்டின் சுனாமியையும் 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலையும் கண்ட குடும்பங்களில் அந்த அச்சத்தை வீண் கவலை என்று யாரும் தள்ளிவிட முடியாது. கண்ணை மூடி அமைதியாக உட்காரச் சொன்னால் இவர்களில் சிலருக்குப் பழைய காட்சிகளே மேலெழும். அப்படிப்பட்டவர்கள் கண்களைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். வெறும் பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணுக்குத் தெரியும் 5 பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்; காதில் விழும் 4 ஒலிகளை எண்ணுங்கள்; கைக்கு எட்டும் 3 பொருள்களைத் தொட்டு, வழவழப்பா சொரசொரப்பா, சூடா குளிரா என்று கவனியுங்கள். நினைவு அந்த நாளிலிருந்து இந்த நாளுக்குத் திரும்பி வர இது உதவும்.

தீராத கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குவதும் பயன்படும். மாலையில், விளக்கு வைத்தபின், ஒரு நோட்டுப் புத்தகத்துடன் 15 நிமிடம் உட்கார்ந்து, மனதை அரிப்பவற்றையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளை நான் செய்யக்கூடியது ஏதேனும் இருந்தால் அதையும் எழுதுங்கள். செய்யக்கூடியது இல்லாத வரிக்கு எதிரே வெற்றிடம் இருக்கட்டும். நள்ளிரவில் அதே கவலை எழுந்தால், “உனக்கு மாலையில் நேரம் இருக்கிறது” என்று அதனிடம் சொல்லித் தள்ளிவைக்கப் பழக வேண்டும். முதல் வாரத்தில் அது கேட்காது. பிறகு கேட்கத் தொடங்கும்.

நடைக்கு அதிக விளக்கம் தேவையில்லை: நாளுக்கு அரை மணி நேரம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். சங்குத்துறையிலோ சொத்தவிளையிலோ முட்டத்திலோ மாலையில் உட்கார வாய்ப்பிருப்பவர்கள், அலைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, அருகிலுள்ளவற்றை விட்டுக் கண்ணைத் தொடுவானத்தில் வையுங்கள்; நாள் முழுவதும் கிட்டத்தில் உள்ளவற்றையே பார்த்து இறுகிய கண்தசைகள் அதில் தளர்கின்றன.

குடியைப் பற்றிப் பேசாமல் போனால் இந்த வழிகாட்டி நேர்மையானதாக இருக்காது. உடல் வேலை முடித்து வருபவர்கள் பலர் அதைத்தான் தங்கள் ஓய்வு என்று நம்புகிறார்கள். மது முதலில் மயக்கத்தைத் தந்தாலும், இரவின் பின்பாதியில் உறக்கத்தைக் கலைக்கிறது. மறுநாள் பதற்றம் கூடுகிறது, அதைத் தணிக்க மீண்டும் குடிக்கத் தோன்றுகிறது. இந்தச் சுழலில் குடும்பங்கள் சிதைந்ததை மிக அருகில் பார்த்தவள் என்ற முறையில், குடியை விட்டுவிடும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நெடுநாள் நிறையக் குடித்தவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்புவரை போகக்கூடும், அவர்கள் மருத்துவரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

பயிற்சியைப் பதற்றம் வந்தபின் தேடினால் கைக்கு வராது. கடலில் விழுந்தபின் நீச்சல் கற்க முடியாது என்பதைப் போன்றதே இது. மனம் ஓரளவு நன்றாக இருக்கும் வேளைகளில், ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு இதைக் கட்டிவையுங்கள்: உலை கொதிக்கும்வரை, கடையின் கதவைத் தூக்குவதற்கு முன், ரயில்வே கேட் திறக்கும்வரை. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். ஈடுசெய்ய இருமடங்கு செய்ய வேண்டாம்.

இவை அன்றாட அழுத்தத்துக்கானவை. நெஞ்சில் பாரமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, வியர்வையோடு மூச்சுத் திணறலோ வந்தால், அதைப் பதற்றம் என்று எண்ணி மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலுக்குப் போவதைப் போலவே போகலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் 14416 என்ற எண்ணை அழைத்துப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், பயிற்சியால் அளவு குறைந்தது என்று தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அடுத்த முறை அளக்கப் போகும்போது, அதற்கு அரை மணி நேரம் முன்னதாகக் காப்பி, தேநீர் குடிக்காமல், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், கையை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் வைத்து உட்காருங்கள். அங்கே எவ்வளவு கூட்டம் இருந்தாலும், பட்டையைச் சுற்றுவதற்கு முன் உங்களுக்குரிய 5 நிமிடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால், அந்த நேரத்தில் 30 மூச்சு.